அந்த ஊர் ஆங்

அந்த ஊரில் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் டிரைவருக்கு வணக்கம் சொல்கிறார்கள். இறங்கும்போது பின்கதவிலிருந்து சத்தமாக நன்றி வேறு சொல்கிறார்கள். திரும்பி வந்து திருத்தணி டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. "சும்மா உடாதண்ணா" என்றார்கள். திருத்தணி–திருப்பதி தடத்தில் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவன் நான். சர்வீஸ் முழுக்க எனக்குக் கிடைத்தது "இன்னாய்யா, மாட்டு வண்டியா ஓட்ற?" என்ற கேள்வியும், பிரேக் போட்டால் மொத்த பஸ்ஸும் சேர்ந்து கொடுக்கும் திட்டும்தான். மொட்டை அடிக்கப் போகிறவர்களும் திட்டுவார்கள், அடித்துவிட்டு வருகிறவர்களும் திட்டுவார்கள். அதனால் அந்த ஊரில் முதல் நாள் பஸ்ஸில் ஏறி, முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக டிரைவருக்கு "போன்ஷூர்" சொல்வதைக் கேட்டபோது எனக்கு அந்த டிரைவர் மேல் பொறாமையாக இருந்தது. என் முறை வந்ததும் நான் கை எடுத்துக் கும்பிட்டே விட்டேன். அவரும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிட்டார். பெரிய மனுஷன்!

பிரான்ஸ் தேசத்தின் கிழக்குப் பக்கம் இருக்கிற ஊர் அது. பெயரைச் சொல்ல என் நாக்கு வளையாது, விட்டுவிடுகிறேன். ஊருக்குள் பழைய பல்கலைக்கழகம், ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் திராட்சைத் தோட்டம். அந்தத் திராட்சையில் காய்ச்சும் ஒயினுக்கு உலகம் முழுக்கப் பேராம். என் ஒரே மகள் அங்கே மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எந்த மண்ணில் கொடி எவ்வளவு ஆழம் வேர் விடுகிறது, எந்த மண் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது, இதெல்லாம். டீக்கடையில் விடுவார்களா? "பொண்ண சாராயம் காய்ச்சற படிப்புக்கா அனுப்பிச்சிருக்க?" என்று நான்கு வருஷமாக என்னை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் சும்மா ஊர் பார்க்கப் போகவில்லை. மகளின் ஆராய்ச்சி முடிகிற நேரம். அதே இடத்தில் நிரந்தர வேலை தருகிறோம், சீக்கிரம் பதில் சொல் என்று அவளைக் கேட்டிருந்தார்கள். போனில் நாங்கள் கேட்டால் "பாக்கலாம்மா" என்பாள். அந்தப் "பாக்கலாம்" என் மனைவியின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ ஒரு வேலை தேடிக்கொள்ளக் கூடாதா, கூப்பிட்டால் ஒரு நாளில் வந்துவிடலாமே என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விமானம் என்றாலே பயம். அதனால் என்னை அனுப்பினாள். பெட்டிக்குள் புளியையும் மிளகாய்த்தூளையும் அமுக்கிக்கொண்டே சொன்னாள், "போற எடத்துல ஊர் சுத்திக்கினு இருக்காதீங்க. போன வேலைய பாருங்க. கையோட கூட்டிக்கினு வந்துடுங்க."

ஆனால் என்னைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? புது ஊர் என்றால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. வந்து இறங்கிய மறுநாளே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன்.

முதலில் அந்த ஊர் வெயிலிடம் ஏமாந்தேன். மாசி கடைசி. ஜன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று அடித்தது. திருத்தணிக்காரன் கண்ணுக்கு வெயில் என்றால் சூடு. சட்டையோடு இறங்கிப் போனவன் தெருமுனை தாண்டுவதற்குள் பல் கிட்டித் திரும்பினேன். வெளிச்சம் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை! நம் ஊரில் பொழுது சாய்ந்த பிறகும் மலைப்பாறை அனல் கக்கிக்கொண்டிருக்கும். அங்கே நடுப்பகலில் கல் பெஞ்சில் உட்கார்ந்தால் குளிர் முதுகு வரைக்கும் ஏறுகிறது. மகளின் பழைய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டுதான் அப்புறம் வெளியே போனேன். அது பெண்கள் கோட்டு என்று அவள் எனக்குச் சொல்லவே இல்லை. ஊரே பார்த்துச் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

தோட்டங்களைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. வரிசை வரிசையாக முழங்கால் உயரத்துக்குக் கறுத்த கட்டைகள். ஒரு இலை கிடையாது. எல்லாம் பட்டுப்போய்விட்டது, பாவம், இந்த வருஷம் இவர்கள் பிழைப்பு போச்சு என்று நினைத்துக்கொண்டேன். இதையா என் பொண்ணு நான்கு வருஷமாகப் படிக்கிறாள் என்று கோபம்கூட வந்தது. வரிசைகளுக்கு நடுவே ஆட்கள் குனிந்து, கிளைகளைக் கத்தரித்து, ஒவ்வொரு கட்டையிலும் ஒரே ஒரு குச்சியை மட்டும் விட்டுக் கம்பியில் வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டிய சுள்ளிகளை, சக்கரம் வைத்த இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்துக்கொண்டே நகர்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தோட்டத்துக்குள் புகை தானாக நடந்து போகிறது. கிட்டே போய் வெட்டின இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் சொட்டியது. உயிரோடுதான் இருக்கிறது! அன்றைக்கு மகள் வீட்டுக்கு வந்ததும் முதல் செய்தியாக அதைத்தான் சொன்னேன். அவள் சிரித்தாள். "செத்துப்போச்சுன்னு நெனச்சியா நைனா? தூங்குது. சித்திரை பொறந்ததும் பாரு."

அவள் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் அடங்காத விஷயம் ஒன்று உண்டு. தோட்டங்கள் ஒரு நீளமான மேட்டின் சரிவில் இருக்கின்றன. மலை என்று சொல்ல முடியாது, நம் முருகன் மலை பக்கத்தில் வைத்தால் அது வெறும் வரப்பு. அந்தச் சரிவில் உச்சியில் விளைவதற்கும் மதிப்பில்லை, அடியில் விளைவதற்கும் மதிப்பில்லை. நடுவில் விளைவதுதான் உசத்தி. கீழே ஒரு ரோடு போகிறது, அந்த ரோட்டுக்கு மேல் பக்கம் விளைந்தால் ஒரு விலை, கீழ்ப் பக்கம் விளைந்தால் வேறு விலை. மண் அப்படி மாறுகிறதாம். "அதெப்படி ஒரு ரோட்டுல மாறும்?" என்று சண்டை பிடித்தேன். அப்புறம் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கனகம்மாசத்திரம் ஞாபகம் வந்தது. அங்கே திருப்பதிக்குப் போகிற பக்கத்து டீக்கடையில் நிற்க இடமிருக்காது, எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். போகிறவன் நிறுத்துவான், திரும்புகிறவனுக்கு வீட்டு நினைப்பு. ரோட்டுக்கும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேதம் உண்டு என்று ஒத்துக்கொண்டேன்.

மனுஷர்களும் விசித்திரம்தான். தெருவில் பார்த்தால் கிழடுகளும் மாணவர்களும்தான், நடு வயசுக்காரர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்களோ தெரியாது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குக் கடையை இழுத்துச் சாத்திவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏதோ பந்த் நடக்கிற மாதிரி ஊர் வெறிச்சோடிக் கிடக்கிறது. ரொட்டிக்கடையில் நான் வணக்கம் சொல்லாமல் ரொட்டியைக் கை காட்டினேன். அந்த அம்மாள் ரொட்டியை எடுக்கவே இல்லை. "போன்ஷூர், மிஸ்யே" என்று பள்ளிக்கூட டீச்சர் மாதிரி நிறுத்திச் சொன்னாள். நான் சொன்ன பிறகுதான் ரொட்டி வந்தது. ஒயின் ருசி பார்க்கும் இடத்துக்கு மகள் ஒரு நாள் கூட்டிப் போனாள். ஊற்றுகிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், வாயில் வைத்துக் கொப்பளிக்கிறார்கள், ஒரு சட்டியில் துப்பிவிடுகிறார்கள்! நான் டிரைவர் வேலைக்குப் போன நாளிலிருந்து அதைத் தொடாதவன். எனக்கே மனசு கேட்கவில்லை. டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒருத்தன் "துப்பறதுக்கா இவ்ளோ பாடு?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டான்.

இப்படி ஊர் சுற்றியதில் போன வேலையை நான் மறக்கவில்லை. தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் கேட்கலாம் என்று நினைப்பேன், அவள் அவசரமாகக் கிளம்புவாள். சாயங்காலம் கேட்கலாம் என்று நினைப்பேன், அவள் களைத்து வருவாள். உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

இதற்கு நடுவில்தான் இந்த "ஆங்" விவகாரம் ஆரம்பித்தது.

மகள் குடியிருந்தது ஒரு வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தாள், புருஷன் இல்லை, ஒரு நாய் மட்டும். நான் பேசுவது தமிழ், அவள் பேசுவது பிரெஞ்சு, மீதி கை ஜாடை. வந்த புதிதில் துவைத்த வேட்டியைத் தூக்கிக்கொண்டு போய், முற்றத்துக் கம்பியைக் காட்டி, "இங்க போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்து "ஆங்?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஆங் என்றால் சரி. ஆமாம் என்று முழுசாகச் சொல்ல எங்களுக்குப் பொறுமை கிடையாது. சாப்ட்டியா என்றால் ஆங், வர்றியா என்றால் ஆங். காது கேட்காதவன் "ஆங்?" என்று இழுப்பதும் உண்டு, ஆனால் கூடவே ஒரு "இன்னா?" வந்துவிடும். இந்த அம்மாள் இழுக்கவில்லை, நறுக்கென்று மூக்கால் சொன்னாள். அட, நம்ம ஊர்க்காரி மாதிரி பேசுகிறாளே என்று எனக்கு ஒரே குஷி. அவளுடைய கம்பி முழுக்க எட்டு முழ வேட்டியை விரித்துவிட்டுப் போனேன். நாய் அதைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. அவள் வெளியே ஓடி வந்து, வேட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, திரும்பவும் "ஆங்?" என்றாள். நானும் சந்தோஷமாக "ஆங்! ஆங்!" என்று தலையாட்டினேன். அவள் மெதுவாக, சத்தமாக, முதலிலிருந்து எதையோ சொன்னாள். நான் மறுபடியும் "ஆங்" என்றேன். அவள் இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாகச் சொன்னாள். மகள் வந்து பிரித்துவிடும் வரை இது ஓடியது.

"நைனா, இவங்க ஆங்-னா 'இன்னா?'ன்னு அர்த்தம். நீ சொன்னது புரியல, திருப்பிச் சொல்லுன்னு கேக்கறாங்க" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். விஷயம் புரிந்ததும் அந்த அம்மாளும் சிரித்தாள். அதன் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஆங்" என்று சொல்லிக் கண்ணடிப்பாள். இந்த வயசில் எனக்குக் கண்ணடிக்க ஒரு ஆள்! மனைவியிடம் அந்தப் பகுதியை மட்டும் சொல்லவில்லை.

சித்திரை பிறந்தது. மகள் சொன்ன மாதிரியே அந்தக் கறுத்த கட்டைகளில் பஞ்சு போல மொட்டு கட்டிப் பச்சை எட்டிப் பார்த்தது. ஊருக்கே சந்தோஷம், கூடவே பயம். அந்த நேரத்தில் திடீரென்று கடுங்குளிர் அடித்தால் மொட்டு கருகிவிடுமாம். கடையில், பஸ்ஸில், எல்லா இடத்திலும் வானத்தைப் பற்றியே பேச்சு. திருத்தணியில் நாங்கள் மழை வருமா என்று பார்க்கிற பார்வையில் அவர்கள் குளிர் வருமா என்று பார்க்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம். வெளியே தோட்டத்தில் டிராக்டர் ஒன்று கொடி வரிசையின் மேலேயே ஏறி ஓடியது, சக்கரம் ரெண்டும் வரிசைக்கு ரெண்டு பக்கமும், கொடி நடுவில், இன்ஜின் எங்கோ உயரத்தில். இதை ஓட்டுகிறவனுக்குக் கீழே என்ன தெரியும், எப்படி வளைப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டே இருக்கையில் எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"படிப்பு முடிஞ்சதும் நம்ம ஊருக்கே வந்துடேன் பாப்பா."

"ஆங்" என்றாள்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் நடுங்கினேன்? மேற்கொண்டு பேச்சை இழுத்தால் மனசு மாறிவிடுவாள் என்று சத்தம் போடாமல் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, கீழே தெருவுக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டேன்.

"கேட்டுட்டேன். வர்றேன்னுட்டா."

"நெசமாவா? இன்னா சொன்னா?"

"ஆங்னு சொன்னா."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அழுதுகொண்டே முருகனைக் கூப்பிட்டாள். ஆடிக் கிருத்திகைக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டாள். அன்றைக்கே அம்மையார்குப்பத்தில் இருக்கும் அவள் தங்கைக்குச் செய்தி போய்விட்டது. தங்கைக்குப் போனால் அந்த ஊர்த் தறி எல்லாம் நின்று கேட்டது என்று அர்த்தம். மறுநாள் மாடி ரூமுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தாயிற்று. நானும் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் போன்ஷூர் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாலைந்து நாள் கழித்து மனைவி நேராக மகளுக்கே போன் செய்தாள். நான் சமையலறையில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது, "டிக்கெட் எப்போன்னு சொல்லுடி, ஆக்கி வெக்கணும் இல்ல?"

"எந்த டிக்கெட்மா?"

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. மகள் "அப்பறம் பேசறேன்மா" என்று போனை வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா கிட்ட இன்னா நைனா சொன்ன?"

"நீ வர்றேன்னு சொன்னத சொன்னேன்."

"நான் எப்ப சொன்னேன்?"

"அன்னிக்கு மேஜையில உக்காந்துக்கினு இருந்தியே. ஊருக்கு வந்துடுன்னு கேட்டேன். ஆங்னு சொன்னியே!"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் முகம் வெளுத்துப்போயிற்று. "ஐயோ நைனா. நான் எழுதிக்கினு இருந்தேன். நீ ஏதோ சொன்ன, காதுல உழல. இன்னான்னு கேட்டேன். நீ திருப்பிச் சொல்லல, எழுந்து போய்ட்ட. சரி, ஒண்ணும் இல்லன்னு நானும் உட்டுட்டேன்."

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். அன்றைக்கும் வந்தது. "ஏண்டி, திருத்தணியில பொறந்தவ வாயில அவங்க ஆங் எப்படி வந்துது? நம்ம ஆங் எங்க போச்சு?" என்று கத்தினேன். கீழே நாய் குரைத்தது. கேட்டுவிட்டேனே தவிர, கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியே என்னைக் குத்தியது. யோசித்துச் சொன்ன வார்த்தை என்றால் மாற்றிச் சொல்லவைக்கலாம். இது யோசிக்காமல், வேறு நினைப்பில் இருந்தபோது, தானாக வந்த வார்த்தை. அதை என்ன செய்ய முடியும்?

அவள் அழுதாள். நின்றபடியே, முகத்தைத் துடைக்காமல் அழுதாள். "நானே சொல்லணும்னுதான் இருந்தேன் நைனா. தெனம் நெனப்பேன். நீ டிராக்டர பாத்தேன், ரொட்டிக்கட பாத்தேன்னு சந்தோஷமா வருவ. அத கெடுக்க மனசு வரல. எனக்கு இந்த வேல வேணும். இந்த மண்ண தோண்டிக்கினு இருந்தா எனக்கு வேற ஒண்ணும் தோணல. போன வாரமே அவங்களுக்குச் சரின்னு எழுதிக் குடுத்துட்டேன்."

ரெண்டு பேரும் சொல்லப் பயந்துகொண்டு ஒரே வீட்டில் ரெண்டு மாதம் இருந்திருக்கிறோம். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவள் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. துக்கம் போகவில்லை.

மனைவிக்கு யார் சொல்வது என்று கேள்வியே இல்லை. நான்தான் போன் போட்டேன். வீடியோவில் அவள் முகத்துக்குப் பின்னால் புதுச் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"ஆங்னு சொன்னப்ப அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பாக்கல. ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கினு இருந்தேன்."

"அவ கிட்ட குடுங்க" என்றாள். கொடுத்தேன். மகள் போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அங்க இருக்கத்தான் உனக்கு புடிச்சிருக்கா?"

மகள் வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்து, எங்கள் வீட்டில் யாரும் எப்போதும் முழுசாகச் சொல்லாத வார்த்தையை, யாருக்கும் தப்பாகக் கேட்டுவிடக் கூடாது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"ஆமாம்மா."

மனைவி திரையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ என்றாள். அப்புறம் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"நீங்களாவது வந்து சேருங்க" என்றாள்.